அந்தச் சிலர்

அன்புவழிபுரம்,
திருகோணமலை.

அன்புள்ள அத்தானுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்றே நம்புகிறேன். நம்பாமல் இங்கிருந்து என்ன செய்ய ஏலும்? லீவு முடிந்து நாளைக்குக் கட்டாருக்குத் திரும்பும் ஸெய்னுதீன் நானாவிடம் இந்தக் கடிதத்தையும் கருவாட்டுப் பார்சலையும் கொடுத்துவிடுகிறேன். அறையில் உள்ள எல்லோருக்கும் பங்கு வைத்துவிட்டு வெறும் சோறு தின்ன வேண்டாம். கீழே எழுதும் விஷயத்தைப் போனில் கதைத்தால் "பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

டிலக்சனாவின் விவாதப் போட்டி வரும் வெள்ளிக்கிழமை. போரை முடிக்க யப்பானில் அணுகுண்டு போட்டது சரி என்று ஒட்டிப் பேசும் அணிதான் அவளுக்கு விழுந்தது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குறிப்புகளை ஒரே மூச்சில் பாடமாக்கிவிட்டாள். யப்பான்காரன் எங்கள் துறைமுகத்திலும் குண்டு போட்டவன், போர் நீண்டிருந்தால் இன்னும் இலட்சக்கணக்கில் செத்திருப்பார்கள் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அப்படியே உங்கள் வாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

"சிலரை இழந்ததால் பலர் பிழைத்தனர்" என்ற இடம் வந்தது. குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த நான் அதைப் போட்டுவிட்டு வந்து, "மகள், அந்தச் சிலர் ஆர்?" என்று கேட்டேன். ஹிரோஷிமாச் சனம் என்றாள். சனம் என்றால் ஆர் என்றேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தவையாம் என்றவள், சுவரில் இருக்கும் சுகிர்தனின் படத்தைப் பார்த்தாள். தான் பிறக்க முந்தியே போன அண்ணன். "இந்தப் பக்கம் நான் பேசமாட்டன் அம்மா" என்றாள்.

சண்டை நேரம் வெருகலில் இருந்து ஓடும்போது அவன் உங்கள் தோளில்தான் இருந்தான். தண்ணீர் குடிக்க இறக்கிவிட்ட இடத்தில் ஷெல் விழுந்தது. சண்டை கெதியாய் முடியத்தான் இதெல்லாம் என்று அந்த நாட்களில் ரேடியோவில் யாரோ சொன்னார்கள். ஓம், முடிந்தது. இப்போது பஸ் ஓடுகிறது, பிள்ளை படிக்கிறாள், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் பிள்ளையைத் தராசில் வைத்து நிறுக்க ஒருவரையும் விடமாட்டேன். யப்பான்காரி பெற்ற பிள்ளையையும் நிறுக்க விடமாட்டேன். அந்தக் குண்டு பிழைதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீங்கள் ஏன் அப்படி எழுதினீர்கள் என்றும் தெரியும். அவன் சும்மா போகவில்லை, ஏதோ ஒன்றுக்காகப் போனான் என்று நினைத்தால் நீங்கள் கொஞ்சம் மூச்சு விடலாம். கோபமில்லை அத்தான். அழுகைதான் வருகிறது.

விவாதம் பழக்கும் பாக்கியரத்தினம் சேர், இவள் அணி மாற ஒத்துக்கொண்டார். இவள் இடத்துக்கு எதிரணியில் இருந்த றிஷானா வருகிறாள். அவளுக்கு எந்தப் பக்கமென்றாலும் சரி, கதைக்கக் கிடைத்தால் போதும். டிலக்சனா வெட்டிப் பேசுவாள், நன்றாகவும் பேசுவாள். எனக்கு அதில் பயமில்லை. அவளுக்குத்தான் ஒரு பயம். "அப்பா எழுதித் தந்ததை வெட்டிப் பேசினால், அப்பா என்னோட கதைப்பாரா அம்மா?" என்று கேட்கிறாள். கதைப்பார் என்று உங்களுக்காக நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளி காலையில் அவள் பள்ளிக்கூடம் போகுமுன் போன் எடுங்கள். "சுகிர்தனுக்காகப் பேசு மகள்" என்று சொல்லுங்கள். அவனைப் புதைத்த நாளில் இருந்து நீங்கள் அவன் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் ஒருமுறை கேட்கட்டும். நானும் பக்கத்தில்தான் நிற்பேன்.

வெருகல் முருகன் உங்களோடு இருப்பான்.

உங்கள்
ராசமலர்