நின்றே எரிந்த பெட்ரோல்

மார்ச் 3
அவர் இறந்து எட்டு நாள். இது அவருடைய மைலேஜ் நோட்டு. கடைசி வரி: 61,240, ஃபுல் டேங்க். அதற்குக் கீழே நான் எழுதுகிறேன்.
காலையில் பத்து நிமிடம் காரை ஸ்டார்ட் செய்து உட்கார்ந்திருந்தேன். பாட்டரி இறங்கக் கூடாதாம். யார் சொன்னது? நானேதான். சீட்டை முன்னால் இழுக்கவில்லை. அவர் வைத்தபடி இருக்கட்டும்.

மார்ச் 4
இன்றும்.

மார்ச் 19
கடைக்குத் தைத்த திரைச்சீலை மூட்டையோடு பஸ் ஏறினேன். கண்டக்டர், "ஏம்மா, வீட்டையே காலி பண்ணிட்டு வரியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.
லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் டேங்கில் இருப்பது அவர் போட்ட பெட்ரோல். ஓட்டினால் தீர்ந்துபோகுமே.

ஏப்ரல் 9
கொழுந்தனார் வந்து சாவியைத் திருகிப் பார்த்தார். "அண்ணி, வண்டி வாசலத் தாண்டல. பெட்ரோல் முள் மட்டும் இறங்கியிருக்கு. டேங்க் ஒழுகுது. ஓட்டை வண்டியக் கட்டிக்கிட்டு எதுக்கு, வித்துடலாம்."
ஒழுகுதா? அவர் போட்டதா?

ஏப்ரல் 10
மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொன்னேன். காருக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஒரு சொட்டு ஒழுகலக்கா. டெய்லி ஸ்டார்ட் பண்றீங்களா?"
"பத்து நிமிஷம். நாப்பது நாளா."
"நாப்பது நாளா? நிக்கிற வண்டியும் குடிக்கும்க்கா. அதுக்கு ஊரச் சுத்தியிருக்கலாம்!"
அட மடச்சி. பொத்திப் பொத்தி வைத்து, நானேதான் எரித்திருக்கிறேன்.
சீட்டை முன்னால் இழுத்தேன். மூன்று தரம் வண்டி ஆஃப் ஆனது. ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வீடு வந்து சேர்ந்தேன்.

ஏப்ரல் 22
பின்சீட்டை மடக்கினால் ஏழு மூட்டை பிடிக்கிறது. கடை வாசலிலேயே இறக்கிவிடலாம். "சின்ன வண்டி, சந்துல திரும்பும்" என்று அவர் பெருமையடிப்பார். உண்மைதான்.

மே 6
ஃபுல் டேங்க் போட்டேன். 61,506. பத்தொன்பது லிட்டர் பிடித்தது.
கணக்குப் போட அவர் எழுதிய 61,240-ஐக் கழிக்க வேண்டியிருந்தது. 266. லிட்டருக்குப் பதினாலு. பதினேழுக்குக் குறைந்தாலே அவருக்குச் சோறு இறங்காது. திட்டாதீங்க. முக்கால் ஓட்டினது, கால் உட்கார்ந்தது.

ஜூன் 2
61,829. பதினேழு லிட்டர். லிட்டருக்குப் பத்தொன்பது! அவர் ஒருநாளும் இவ்வளவு எடுத்ததில்லை.
இந்தத் தடவை கழித்தது நான் எழுதிய எண்ணை.