இரண்டு காற்றும் ஒரு வாழைத்தோட்டமும்

கார்த்திகை, செவ்வாய் இரவு.

புயல் நாளை மாலை கரையைத் தொடும் என்று வானிலை அதிகாரி உறுதிப்படுத்தினார். காற்றின் வேகத்தை மட்டும் அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கணினி மாதிரியில் கடற்பரப்பின் உராய்வைக் கூட்டினால் காற்று தணிகிறது. குறைத்தால் வாழையை முறிக்கும் அளவுக்கு வீசுகிறது. இரண்டையும் செய்தியில் எழுதினேன்.

பிறகு நீர்வேலியிலிருந்து மச்சான் தொலைபேசியில் கேட்டான்.

"காய் இன்னும் முத்தேல்லை. குலையளை வெட்டவோ, விடவோ?"

"ரெண்டு விதமாயும் சொல்லுகினம்."

"ரெண்டு காத்துக்கும் என்னட்டை ஒரு தோட்டந்தானே இருக்கு! நீயெண்டால் என்ன செய்வாய்?"

செய்தியாளன் ஆலோசனை சொல்வதில்லை என்றேன். எனக்கே அது சாக்காகத்தான் கேட்டது.

அடுத்த கணிப்பு விடியுமுன் வரும். மச்சான் கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு என் அழைப்புக்குக் காத்திருக்கிறான்.