தூசியா, தண்ணியா?

இன்று காலை ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டின் மூடியைத் திறந்ததும் பன்னீர் திராட்சை மணந்தது. நல்ல வாசனை என்றாள் கூட வேலை செய்யும் பெண். எனக்கு உன் கால்தான் நினைவுக்கு வந்தது.

ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டவன் நீ. எங்கோ வடக்கே குழாய் சரிந்து காலில் விழ, எலும்புக்கு ராடு வைத்துக்கொண்டு திருச்செங்கோட்டுக்குத் திரும்பினாய். புண் ஆறவில்லை. கட்டுத்துணி சீழில் பச்சையாக நனைந்தது. "பழக்கடையாட்டம் மணக்குது மாப்ள, தராசு ஒண்ணுதான் பாக்கி" என்று சிரித்தாய். எந்த ஆன்டிபயாடிக்கும் அந்தக் கிருமியை அசைக்கவில்லை. ரத்தத்தில் ஏறினால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர்.

கிருமியைத் தாக்கி அழிக்கும் வைரஸ்கள் உண்டு, பேஜ் என்போம் என்று உனக்குச் சொன்னேன். ஒவ்வொரு பேஜும் தனக்கான கிருமியை மட்டுமே தொடும். உன்னுடையதற்குப் பொருந்துவதைத் தேட வேண்டும். பெரும்பாலும் சாக்கடையில்தான் கிடைக்கும். கிடைத்தால் சுத்திகரித்து, அனுமதி வாங்கிப் போடலாம் என்று டாக்டரும் ஒப்புக்கொண்டார். போர் போடுமுன் தண்ணீர் இருக்கும் இடம் தேடுவதைப் பாயிண்ட் பார்ப்பது என்பாய் நீ. "அப்ப நீயும் பாயிண்ட் பாக்கப் போறேன்னு சொல்லு."

மோகனூர் ஆற்றோரம், பள்ளிபாளையத்துக் கால்வாய், கடைசியாகச் செவ்வாய்ப்பேட்டைச் சாக்கடை என்று பாட்டிலோடு அலைந்தேன். "மோதிரம் ஏதாச்சும் உழுந்துருச்சுங்களா?" என்று கேட்டார் ஒரு மளிகைக்கடைக்காரர். அதைச் சொன்னபோது அத்தனை வலியிலும் நீ சிரித்ததில் கட்டில் ஆடியது. உன் புண்ணிலிருந்து எடுத்த கிருமியைத் தட்டில் பரப்பி அந்தத் தண்ணீரைச் சொட்டுவேன். பேஜ் இருந்தால் மறுநாள் கிருமிப் படலத்தில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். போர் போடும்போது வெறும் தூசி பறந்தால் தோல்வி, தண்ணீர் பீறிட்டால் வெற்றி; நீ தினமும் போன் செய்து அந்த ஒரே கேள்விதான் கேட்பாய்.

"தூசியா, தண்ணியா?"

தூசிதான் என்பேன்.

"உடு மாப்ள. அடுத்த பாயிண்டுக்கு வண்டிய எடு."

செவ்வாய்ப்பேட்டைத் தண்ணீரில் ஓட்டை விழுந்தது. அன்று நானே அழைத்தேன். எடுத்தது உன் மனைவி. "காச்ச தூக்கிருச்சுங்கண்ணா. நெனவே இல்லீங்க. எங்களயும் ஐசியூ உள்ள உட மாட்டீங்கறாங்க." பேஜைச் சுத்திகரித்து முடிப்பதற்குள் நீ போய்விட்டாய். முதலிலேயே அங்கே போயிருக்கக் கூடாதா என்று அந்தத் தெருவைத் தாண்டும்போதெல்லாம் மனது அடித்துக்கொள்கிறது. தாங்க முடியவில்லைடா.

அந்தப் பேஜ் என்னிடம் இருக்கிறது. அதே கிருமி இன்னொருவரைப் பிடித்தால் உதவலாம். அது அழியாமல் இருக்க அதற்கு இரை வேண்டும், இரையோ உன் கிருமி. ஆகவே உன்னைக் கொண்டுபோனதை நானே ஊட்டி வளர்க்கிறேன். பிடிக்காத வேலைதான். வேறு யாரிடமும் கொடுக்கவும் மனம் வரவில்லை.

இன்றும் ஓட்டைகள் தெளிவாக விழுந்திருந்தன. அந்தப் பெண் டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்தேன். "தண்ணி வந்துருச்சு மாப்ள" என்று சொல்லிவிட்டு மூடியை மூடினேன்.