பங்குதாரர்கள் கைதூக்கிய கல்யாணம்

அன்பு மகன் ஒஞ்சாரிக்கு, அம்மா எழுதுவது. இங்கே கிசியில் நானும் மழையும் நலம், இரண்டு பேருமே சத்தம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நைரோபியில் நீயும் உன் பங்குதாரர்கள் அத்தனை பேரும் நலமா. போன் இருக்கக் காகிதம் ஏன் என்று கேட்பாய், போனில் நான் சொல்வது மறுநாளே வீடியோவாகிவிடுகிறது, நீ என் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு உகாலிக் களி கிண்டும் கரண்டியை ஆட்டி "எப்படா கல்யாணம் பண்ணப் போறே, நான் செத்தப்புறமா" என்று கத்துகிறாய், நாடே சிரிக்கிறது. கறுப்புப் பசு கிடாரி போட்டிருக்கிறது, கூரை அதே இடத்தில் ஒழுகுகிறது.

ரசிகர்களிடம் பங்குப்பணம் வாங்கி வீடியோக் கம்பெனியைப் பெரிதாக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் அதை ஹராம்பே என்றுதான் நினைத்தேன். நீ கல்லூரிக்குப் போக நம் சர்ச் மைதானத்தில் வைத்தோமே, அவரவர் முடிந்ததைக் கொடுத்தார்கள், பெயரை உரக்க வாசித்தோம், கைதட்டினோம், வீட்டுக்குப் போனார்கள். அதனால்தான் போன மாதம் உன் பங்குதாரர்கள் வேனில் வந்து இறங்கியதும் அவித்த வாழைக்காயும் பால் தேநீரும் கொடுத்து, அக்கம்பக்கத்தாரைக் கூட்டி, ஒவ்வொருவர் பெயரையும் வாசித்துக் கைதட்ட வைத்தேன், போதகரை ஜெபிக்கவும் சொன்னேன். பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. பச்சைக் கண்ணாடி போட்ட பெண்ணொருத்தி "அம்மா, உங்களுக்கு பிரஷர், சுகர் ஏதாச்சும் இருக்கா" என்று கேட்டாள், என்ன பாசம் என்று உருகிப்போனேன். உடனே பக்கத்திலிருந்தவனிடம் "கவலைப்படாதே, இன்னும் பத்து வருஷம் தாங்குவாங்க" என்கிறாள். மாடு வாங்க வருகிறவர்கள்கூடக் கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் பேசுவார்கள்.

உன் கல்யாணத்தைத் தள்ளிப்போடப் பங்குதாரர்கள் ஓட்டெடுத்ததையும் அவள்தான் சொன்னாள். "ஒஞ்சாரி கல்யாணம் பண்ணிட்டா நீங்க எதுக்குத் திட்டுவீங்க? நீங்க திட்டலேன்னா யாரு பார்ப்பா?" என்றாள். வியாபாரம் தெரிந்த பெண். நீயும் தலையாட்டினாயாமே. உனக்காகக் காத்திருக்கும் கெமுன்டோவிடம் அதைச் சொல்ல மட்டும் உனக்கு வாய் வரவில்லை, நான் சொல்லும்படி ஆயிற்று. அவள் அழவில்லை, தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு "எனக்கு ஓட்டு இருக்கா அத்தை" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது ஒஞ்சாரி. அவள் அப்பா "பொண்ணு கேட்டு வர்றப்ப பரிச மாட்டை ஓட்டிட்டு வரச் சொல்லுங்க, பங்குதாரங்களை இல்ல, ஆகஸ்டு தாண்டினா நான் வேற இடம் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். உன் ஹராம்பேயில் தன்னிடம் இருந்த ஒரே ஆட்டை அவிழ்த்துக் கொடுத்தவர் அவர்தான், மறந்துவிட்டாயோ என்னவோ. அந்த ஆட்டுக்கு அவர் இன்றுவரை உன்னிடம் ஒரு பங்கும் கேட்டதில்லை.

நீ என்னைப் போல நடிப்பதில் எனக்குக் கோபமில்லை, நன்றாகத்தான் நடிக்கிறாய், இடுப்பில் கை வைக்கும்போது நானேதான். ஆனால் அந்த வார்த்தைகளை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உனக்கு ஒரு வீடு அமைவதைப் பார்க்கவேண்டும் என்று சொன்னேன். அதனால் இனி உன்னைத் திட்டுவதாக இல்லை. போன் செய்தால் சாப்பிட்டாயா, தூங்கினாயா, கடவுள் துணை, அவ்வளவுதான். உன் பங்குதாரர்கள் அதை வைத்துச் சிரித்துக்கொள்ளட்டும். எனக்கும் கஷ்டம்தான், நாக்கு அரிக்கிறது.

இருமல் இருந்தால் குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. கடவுள் உன்னையும் உன் கம்பெனியையும் காக்கட்டும், முதலில் உன்னை. ஆகஸ்டுக்குள் மாடுகளோடு வந்து சேர், வயிறு நிறையத் திட்டுகிறேன், போனை அணைத்துவிட்டு. வரும்போது என் தலைத்துணியை மறக்காமல் எடுத்து வா, கொழுந்து பறிக்கப் போனால் தலை நனைகிறது, அது கம்பெனிச் சொத்து இல்லை.

இப்படிக்கு,
யாருக்கும் பங்கு போடாத உன் அம்மா,
போசிபோரி