எத்தனால் மட்டும் வைத்த தட்டு

ஐப்பசி, புதன்.

மாதுளைத் தோல் சாறு சேர்த்தால் ஆன்டிபயாட்டிக் வயிற்றுப்போக்குக் கிருமியை நன்றாகக் கொல்கிறது என்று போன வாரம் துறையில் எல்லார் முன்னாலும் பேசினேன். இன்று லேபில் கிருமி வளர்த்த பழைய தட்டுகளைக் கழிக்கும்போது, ‘எத்தனால் மட்டும்’ என்று மகேஸ்வரி எழுதிய தட்டு கிடைத்தது. என்னோடு ஆய்வு செய்கிறவள். எனக்குச் சாறு எடுத்துத் தந்தவளும் அவளே. சாறு இறங்க ஊற்றிய எத்தனால் ஆல்கஹாலை முழுக்க ஆவியாக்காமல் தந்திருக்கிறாள். இந்தத் தட்டிலும் கிருமி அதே அளவு செத்திருக்கிறது. கொன்றது மாதுளை இல்லை, எத்தனால். தட்டில் இருந்த தேதி, என் பேச்சுக்கு முந்தின நாள்.

கிருஷ்ணன்கோவில் பஸ் ஸ்டாப்பில் மகேஸ்வரியிடம் கேட்டேன். “தெரிஞ்சும் ஏன்ட்டி சொல்லல?”

“நீ அம்புட்டு சந்தோஷமா இருந்த. எப்படிச் சொல்ல?”

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன். நாளை ஆய்வு கைடு முன்னால் நிற்கப்போவது நான்.

அன்று முதலில் கைதட்டியவள் இவள்.