புங்கஞ்சருகு

20 மார்ச் 2007, செவ்வாய்

சாயங்காலம் ஊத்துக்குளிப் பாறைக்குழிக்குப் போனேன். கல் உடைத்து முடிந்த அந்த நிலத்தை எங்கள் பனியன் கம்பெனி வாங்கியபோது, மரம் வைக்கும் வேலை என்னிடம் வந்தது. மேனேஜர் தைலமரம் கேட்டார். சீக்கிரம் வளரும், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் என்றார். அதன் சருகு லேசில் மக்காது, சருகு மக்கினால்தான் அங்கே மண்ணே உண்டாகும் என்று சண்டை போட்டுப் புங்கன் வைத்தேன். போன மாதம் கிளறியபோது, சருகுக்கு அடியில் விரல் கனத்துக்குக் கறுப்பு மண் இருந்தது.

இன்று தரை மொட்டையாகக் கிடந்தது. மூலையில் சாம்பல்.

ஹவுஸ்கீப்பிங் செல்வியக்கா சிரித்துக்கொண்டே வந்தார். "பாருங்க சார், நம்ம செக்கிங் செக்‌ஷனாட்ட இருக்குதுங்களா? நாளைக்குப் பையர் ஆடிட்டுங்கள்ல, கூட்டி எரிச்சுட்டோமுங்க."

"யாரக் கேட்டுக் கூட்டுனீங்க?" என்று கத்தினேன்.

"நீங்கதானுங்க போன்ல, எடத்தச் சுத்தமா வெச்சிருங்கன்னீங்க."

சொன்னேன்தான். டீ கப்பையும் பாலிதீன் பையையும் நினைத்துச் சொன்னேன். அவர் ஏதோ கேட்க வந்தபோது நேரமில்லை என்று போனை வைத்தேன். மேனேஜரிடம் அத்தனை நாள் வாதாடிய விஷயத்தை, கூட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வேற சருகு கொண்டாந்து கொட்டீரலாமுங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கொட்டியிருக்கலாம். எந்தத் தோப்பிலாவது கேட்டு இன்றைக்கே கொட்டியிருக்கலாம். புங்கன் இனி அடுத்த வருடம்தான் உதிரும். மூடாத மண் ஒரு கோடை மழைக்குத் தாங்காது.

அவிநாசிப் பக்கம் மின்னிக்கொண்டே இருக்கிறது.