விழிஞ்ஞத்துக்குத் தெற்கே

2 அக்டோபர் 1948, சனி

டகோட்டா விமானம் இன்று நாலு இருபத்தாறுக்கே சாலைக் கடைத்தெருவுக்கு மேல் வட்டம் போட்டது. இரண்டு நிமிஷம் முந்தி. கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றேன்.

அதற்கு முன்பே மாடித் தளத்தில் வெள்ளைப் பாய்த்துணியை விரித்து, நாலு மூலைக்கும் எடைக்கல் வைத்தாயிற்று. கட்டுமரத்துக்குப் பாய் தைக்க வந்த சரக்கு அது. ஆனால் சனிக்கிழமை ஒரு மணி நேரம் அது என் மகனுக்கு. சுவாமிதாஸ் அந்த விமானத்தில் வயர்லெஸ் ஆபீசர். பம்பாயிலிருந்து கொச்சி, கொச்சியிலிருந்து இங்கே. "தெரிஞ்சுதாலே?" என்று கேட்டால், "கடலை விட்டுத் திரும்பினதுமே தெரியும்ப்பா. ஒரு சோத்துப் பருக்கை மாதிரி" என்பான்.

எதிர்க்கடை மிளகாய் மண்டி குற்றாலலிங்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "என்னவே திரவியம், ஆகாசத்துலயும் கருவாட்டு வாசம் அடிக்கே?"

"உம்ம மொளகா நெடி எட்டாத எடமாக்கும் அது" என்றேன். தெருவே சிரித்தது.

பதினைந்து வயதில் மார்த்தாண்டத்திலிருந்து இருபது மைல், தலையில் கருப்பட்டிச் சிப்பத்தோடு நடந்து இந்தத் தெருவுக்கு வந்தவன் நான். நாலாங் கிளாஸ். இன்று கயிறு, பாய்த்துணி, கருவாடு என்று மூன்று கடை. அதெல்லாம் பெரிதில்லை. என் பிள்ளை ஆகாயத்தில் இருந்துகொண்டு பூமியோடு பேசுகிறான். பெருமைப்படக் கூடாது என்று போதகர் ஐயா பிரசங்கம் செய்கிறார். அவருக்கு இப்படி ஒரு மகன் இல்லை.

5 அக்டோபர், செவ்வாய்

மழை. விழிஞ்ஞத்திலிருந்து மீன் வரத்து குறைவு. வேறு விசேஷம் இல்லை.

9 அக்டோபர், சனி

வரவில்லை.

நாலரை. ஐந்து. ஐந்தரைக்கு மழை பிடித்தது. துணியை எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை.

காரை எடுத்துக்கொண்டு சங்குமுகம் விமான நிலையத்துக்குப் போனேன். கொச்சியிலிருந்து மூன்று நாற்பதுக்குப் புறப்பட்டதாம். நாலு நாற்பத்தொன்றுக்கு என் மகன் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான். அதை எழுதி வைத்திருந்த தாளைக் காட்டச் சொல்லி, தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டேன். "விழிஞ்ஞத்துக்குத் தெற்கே இருக்கிறோம். கரையை மேகம் மூடிவிட்டது. கடல் பக்கம் திரும்புகிறோம். வெளுத்ததும் வருகிறோம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இருபத்திரண்டு பேர்.

10 அக்டோபர், ஞாயிறு

சபையில் போதகர் ஐயா அவன் பெயரைச் சொல்லி ஜெபித்தார். "காணாமற்போன எங்கள் மகன்" என்றார். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஜெயபாய் சொன்னது: "காணாம போறதுக்கு அவன் என்ன ஆட்டுக்குட்டியா? வேலைக்குப் போயிருக்கான்."

அவள் சொன்னதுதான் சரி.

12 அக்டோபர், செவ்வாய்

இன்று நான் உபயோகமாக ஒரு காரியம் செய்தேன்.

விமானம் காணாமற்போனதை விசாரிக்க வந்திருப்பவர் வெங்கடசுப்ரமணியன், கரமனைக்காரர். கடலில் யாராவது சத்தம் கேட்டார்களா என்று அவருடைய ஆட்கள் கரை கரையாக அலைகிறார்கள். மீன்பிடிக்காரர்கள் பதிலே சொல்லவில்லை. எனக்குச் சொல்வார்கள். இருபது வருஷமாக அவர்கள் மீனை வாங்குகிறேன். விழிஞ்ஞத்துச் சிலுவைப்பிள்ளையும் அவன் தம்பியும் மைத்துனனும் சனிக்கிழமை கடலில் இருந்தவர்கள். மூவரையும் நானே காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

சிலுவை தலையைக் குனிந்தபடியே சொன்னான்: "கேட்டோம் சாரே. தலைக்கு மேல, ரொம்பத் தாழ. தும்பாக்கு நேரே கிடந்தோம். நீரோட்டம் வடக்க இழுத்துப் போச்சு." மற்ற இருவரும் அதையே சொன்னார்கள்.

தும்பா வடக்கே. என் மகன் தெற்கே என்றான். சரி, விமானம் வேகமாகப் போகும் பொருள், முன்னே பின்னே இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தேடும் கப்பலைத் தும்பாவுக்கு நேரே அனுப்பச் சொல்லி அதிகாரி போனில் சொன்னார். என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன் என்று நிமிர்ந்து நடந்து வந்தேன்.

16 அக்டோபர், சனி

நாலு நாள் தேடினார்கள். எண்ணெய்ப் படலம் இல்லை. ஒரு நாற்காலி இல்லை. ஒரு தொப்பி இல்லை. இன்றோடு நிறுத்திவிட்டார்கள்.

குற்றாலலிங்கம் தன் கடையில் பாதிக் கதவைச் சாத்தியிருந்தார். சாவு விழுந்தால் சாலைத் தெருவில் செய்வது. நான் நேரே போய் அந்தக் கதவைத் திறந்துவிட்டேன். "யாருக்குவே சாத்துறீர்?"

"கோவப்படாதேயும். மனசு கேக்கல."

"மனசு கேக்கலேன்னா மொளகா நிறுத்து வியாபாரம் பாரும்."

நாலு மணிக்குத் துணி விரித்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

21 அக்டோபர், வியாழன்

வெங்கடசுப்ரமணியன் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷர். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"ரிப்போர்ட் எழுதிண்டிருக்கேன், மிஸ்டர் திரவியம். மூணு பேர் சாட்சி. மூணு பேரும் தும்பாங்கறா. வடக்கேருந்து வர ப்ளேனுக்கு அதுதான் வழியும். அப்படின்னா உங்க பையன் அனுப்பின இடம் தப்பு. வயர்லெஸ் ஆபீசர் இடத்தைத் தப்பா தெரிவிச்சார்னு எழுதறதைத் தவிர நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்கோ."

"அவன் தப்பாச் சொல்லமாட்டான் சார்."

"அப்பா சொல்றது சாட்சியாகாதே."

அந்தச் சாட்சியை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவன் யார்? நான். என் காரில். என் பெட்ரோலில். என் மகன் பெயர்மேல் மண்ணை அள்ளிப் போட ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஆள் போய்விட்டான். போன இடம் தெரியாது. மிச்சம் இருப்பது அவன் சொன்ன ஒரு வார்த்தை. அதையும் பொய் என்று சர்க்கார் தாளில் அச்சடித்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? ஜெயபாயிடம் சொல்லவில்லை.

22 அக்டோபர், வெள்ளி

ஆண்டவரே, நான் ஒரு மடையன்.

காலையில் விழிஞ்ஞத்தில் என் உலர்த்துக் களத்துக்குப் போயிருந்தேன். பத்து நாள் மழைக்குப் பிறகு நல்ல வெயில். பாயில் கலவா காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றும் முழங்கை நீளம், பிளந்து உப்பிட்டது. "இது யாரு மீனு?" என்றேன். உப்புப் போடும் அந்தோணியம்மை, "சிலுவைக்க மீனு மொதலாளி. அந்த ஏரோப்ளேன் போச்சுல்ல, அந்தச் சனியாழ்ச கொண்டு வந்தது" என்றாள்.

கலவா திறந்த கடலில் கிடக்கிற மீன் இல்லை. பாரில் கிடக்கிற மீன். கடலுக்கு அடியில் பாறைக்கூட்டம், அதைத்தான் பார் என்பார்கள். தும்பாவுக்கு நேரே மணல்தான். அங்கே போனவன் சாளை கொண்டு வருவான், அயிலை கொண்டு வருவான். இந்தக் கலவா எங்கிருந்து வந்தது?

மீனைப் பார்த்தே கடலைச் சொல்வேன் என்று இருபது வருஷமாகத் தெருவில் பீற்றிக்கொண்டிருக்கிறேன். என் சொந்தக் களத்தில் கிடந்ததைப் பார்க்கவில்லை.

சிலுவை ஏன் பொய் சொன்னான் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. பார் இருக்கும் இடத்தை அவர்கள் யாருக்கும் சொல்வதில்லை. கேட்டால் வேறு இடம் சொல்வார்கள். பக்கத்து வீட்டானுக்கும் அப்படித்தான், பாதிரியாருக்கும் அப்படித்தான். அது பொய் என்று அவர்கள் கணக்கில் இல்லை. சர்க்காருக்கும் அதே பழக்கத்தில் சொல்லிவிட்டான்.

23 அக்டோபர், சனி

சிலுவை கரையில் தூண்டில் கயிறு சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். ஒரு கலவாக் கருவாட்டை அவன் முன்னால் மணலில் போட்டேன். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொய் பறஞ்சேன் மொதலாளி."

"என் மவனைப் பொய்யனாக்கிட்டியேலே."

"அது எனக்குத் தெரியாது. மாதாவாணை தெரியாது. தெக்கதான் கிடந்தோம். நங்கூரக் கல்லு போட்டு, பாருக்கு மேல. மேகம் அடச்சிட்டு. சத்தம் கேட்டுது. வயிறு வரைக்கும் கண்டேன், வெள்ளையா. படிஞ்ஞாற, கடல் பக்கமா, திரும்பிப் போச்சு. சத்தம் தேஞ்சு தேஞ்சு இல்லாம ஆச்சு."

"கப்பலை வடக்க அனுப்பிட்டியே. நாலு நாளு."

அதற்கு அவன் அழுதான். கிழவன் இல்லை, நாற்பது வயது ஆள். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே ஏழு மரம் இறக்கித் தெற்கே தேடியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாதவர்கள். திங்களும் தேடியிருக்கிறார்கள். "எங்க கண்ணுல படாதது கப்பலுக்கும் படாதுன்னு நெனச்சேன். அது தப்பு."

தப்புதான். அதை அவனிடம் சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன். ஆனால் ஏழு மரம் இறக்கினதையும் எழுதவேண்டும்.

அதிகாரியிடம் வந்து உண்மை சொல் என்றேன். முகம் செத்துப்போயிற்று. "கணியம் கேப்பாங்க. சொன்னா எழுதுவாங்க. எழுதினா கொளச்சல்காரன் முதல் கொல்லத்துக்காரன் வரைக்கும் வருவான். எங்க அப்பன் எனக்கு மட்டும் காட்டினது மொதலாளி. பிள்ளைங்க எதைத் தின்னும்?"

என் உப்பு இல்லாமல், என் கயிறு இல்லாமல் இவன் எப்படித் தொழில் செய்வான் என்று மிரட்டலாமா? ஒரு நிமிஷம் நினைத்தேன், மறைக்கமாட்டேன். மிரட்டி வாங்கின சாட்சியம் என் மகனுக்கு வேண்டாம்.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. கணியம் என்பது இரண்டு கோடு. கரையில் ஒரு மலையும் ஒரு மரமும் நேராக வரும் கோடு ஒன்று, வேறு பக்கம் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் பார்.

"ஒரு கோடு மட்டும் சொல்லுலே" என்றேன். "ஒரு கோட்டை வச்சு எவனும் பாரைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனா நீ தெக்க கெடந்தியா வடக்க கெடந்தியான்னு சொல்லிரும்."

மணலில் விரலால் ஒரு கோடு கிழித்துப் பார்த்தான். பிறகு சிரித்தான். "மொதலாளி கடலுக்கு வந்திருந்தா எங்க கஞ்சியில மண்ணுதான்."

25 அக்டோபர், திங்கள்

சிலுவை அதிகாரியின் மேஜைமுன் நிமிர்ந்து நின்றான். போன தடவை மாதிரித் தலை குனியவில்லை. "நான் முன்ன பறஞ்சது பொய் சாரே."

வெங்கடசுப்ரமணியன் சத்தம் போட்டார். போடட்டும், நியாயம்தான். சிலுவை கேட்டுக்கொண்டே நின்றான். சத்தம் அடங்கினபிறகு சொன்னான்: "மூக்குன்னிமலைக்க மூக்கும், விழிஞ்ஞத்துப் பழைய பள்ளிக் குருசும் ஒண்ணுக்கு நேரே ஒண்ணு. அதுல கிடந்தோம்."

அவர் கடல் படத்தை விரித்து அடிமட்டத்தை வைத்தார். மலையிலிருந்து தேவாலயக் குருசு வழியாகப் பென்சில் கோடு கடலுக்குள் இறங்கியது. கடலில் அந்தக் கோடு முழுக்க, ஒரு விரற்கடை விடாமல், விழிஞ்ஞத்துக்குத் தெற்கே.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு ஸ்கூலுக்கும் போகாம இதை எப்படிய்யா…" என்றார். பிறகு, "சரி, இந்தக் கோட்டில எந்த இடம்?"

சிலுவை என்னைப் பார்த்தான். "அது அவன் குடும்பச் சொத்து சார்" என்றேன். "கேக்காதீங்க. தெற்கா வடக்கான்னுதான் உங்களுக்கு வேணும்."

"எங்காத்துப் பாட்டி ரசப்பொடி அளவு சொல்லாமலே போய்ச் சேர்ந்தா" என்று சொல்லி அதிகாரி எழுத ஆரம்பித்தார்.

வெளியே வந்து சிலுவைக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். என் பிள்ளை ஆயிரம் அடி மேலே இருந்து பார்த்ததும், இவன் நாலு கட்டை மிதப்பில் உட்கார்ந்து பார்த்ததும் ஒன்றாயிருக்கிறது. இரண்டு பேரும் வேலை தெரிந்தவர்கள்.

வீட்டில் ஜெயபாயிடம் முழுவதும் சொன்னேன், வியாழக்கிழமை மறைத்ததையும் சேர்த்து. "நாலு நாளா முழுங்கிட்டா இருந்திய? மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுது" என்றாள்.

20 நவம்பர், சனி

ரிப்போர்ட் வந்தது. விமானம் என்ன ஆயிற்று என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஏன் என்றும் தெரியவில்லை. ஏழாம் பக்கம்: வயர்லெஸ் ஆபீசர் கடைசியாகத் தெரிவித்த இடம் சரியானதே என்று மீன்பிடிப்பவர்களின் சாட்சியம் காட்டுகிறது. கடைசி வரை அவர் தம் பணியைச் செய்திருக்கிறார்.

குற்றாலலிங்கம் கடையில் நின்று அந்தப் பக்கத்தை உரக்கப் படிக்கச் சொன்னேன். அவர் மைத்துனர் பி.ஏ. படித்தவர், தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தார். தெருவே கேட்டது. குற்றாலலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொளகா நெடிவே" என்றார்.

ஜெயபாய் தாளை வாங்கி வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள். அப்புறம் தனியே போய் அழுதாள். நாற்பத்திரண்டு நாளில் முதல் தடவை.

4 டிசம்பர், சனி

இன்று துணி விரிக்கவில்லை. தையற்காரனிடம் கொடுத்துச் சிலுவையின் மரத்துக்குப் பாய் தைக்கச் சொல்லிவிட்டேன். அவன் பழைய பாய் கிழிசல்.

11 டிசம்பர், சனி

சிலுவை கூட்டிக்கொண்டு போனான். கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. ஐம்பத்தாறு வயதில் முதல் தடவை கட்டுமரம். வேட்டி முழுக்க நனைந்தது. பயமில்லை என்றால் பொய்.

மலையின் மூக்கு மெல்ல நகர்ந்து வந்து குருசின்மேல் உட்கார்ந்தது. அந்தக் கோட்டிலேயே போனோம். ஓரிடத்தில் சிலுவை கல்லைப் போட்டான். என் தோளைப் பிடித்து வேறு பக்கம் திருப்பி, இரண்டாவது கோடு எது எதுக்கு நேர் என்று காதில் சொன்னான். தம்பியும் மைத்துனனும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"இதுக்கு மேலதான் மொதலாளி. இங்கேர்ந்து படிஞ்ஞாற."

மேற்கே பார்த்தேன். தண்ணீர்தான். "சரியாத்தான் சொன்ன மக்கா" என்று சுவாமிதாஸிடம் சொன்னேன்.

ஜெயபாய் கரையில் பாறைமேல் குடையோடு உட்கார்ந்திருந்தாள், போகும்போது இருந்த அதே இடத்தில். "பாய் கடைசி வரைக்கும் தெரிஞ்சுது" என்றாள். "ஒரு சோத்துப் பருக்கை மாதிரி."

வாங்கினது, விற்றது, ஏமாந்தது எல்லாம் இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். இரண்டாவது கோட்டை எழுதப்போவதில்லை.